விசுவாசமும் பிரஜாவுரிமையும்: போர்க்காலக் கண்டியில் தமிழரின் அரசியற் சார்புகள்

1. பிரச்சினை

உள்நாட்டுப் போரின் சுமை போர்முனையில் வாழ்வோர்மீது மட்டும் விழுவதில்லை. போர்முனைக்கு அப்பால், அரசின் நேரடி ஆட்சிப் பரப்பினுள், எதிர்த்தரப்பினரின் மொழியைப் பேசிக்கொண்டு வாழும் மக்கள்மீது வேறொரு வகையான சுமை ஏற்றப்படுகின்றது. ‘நீங்கள் யார் பக்கம்?’ என்ற வினா சோதனைச் சாவடியிலும் அலுவலகத்திலும் சந்தையிலும் அவர்களை நோக்கி எழுப்பப்படுகின்றது. அவர்கள் அளிக்கும் விடை எதுவாயினும் அதனை முழுமையாக நம்புவார் இலர்.

1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கைப் போரைப் பற்றி எழுதியோர் வடக்குக் கிழக்கையும் கொழும்பையுமே பெரிதும் கருத்திற் கொண்டனர். மத்திய மலைநாட்டின் தலைநகரான கண்டியும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களும் இவ்வெழுத்துக்களிற் போதிய இடம்பெறவில்லை. இடம்பெற்றபோதும் கண்டித் தமிழரின் அரசியல், ‘இரட்டை விசுவாசம்’ என்ற குற்றச்சாட்டாகவோ, ‘அரசுக்கு விலைபோன தலைமை’ என்ற கண்டனமாகவோ சுருக்கப்பட்டது. முன்னையது பேரினவாதிகளின் கூற்று. பின்னையது தமிழ்த் தேசியவாதிகள் பலரின் கூற்று. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு கூற்றுக்களும் ஒரு விடயத்தில் உடன்படுகின்றன. விசுவாசம் என்பது மக்கள் செலுத்த வேண்டிய கடன் என்றும், அதனைக் கோருவோர் பதிலுக்கு எதனையும் அளிக்கவேண்டியதில்லை என்றும் இரண்டுமே கருதுகின்றன.

கண்டித் தமிழரின் சார்புகள் பிளவுபட்டிருந்தன என்பதை நாம் மறுக்கவில்லை. அப்பிளவுக்கான காரணத்தை நிலம், உழைப்பு, பிரஜாவுரிமை ஆகிய மூன்றோடும் அம்மக்களின் வெவ்வேறு பிரிவினர் கொண்டிருந்த உறவுகளிலே தேடவேண்டும் என்பதே எமது கருத்தாகும். அவர்களிடம் விசுவாசம் கோரிய எந்த அரசியற் சக்தியும் அவர்களைத் தன்னுள் முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்ள ஆயத்தமாக இருக்கவில்லை. இதனை வரலாற்று அடிப்படையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. நகரும் அதன் மக்களும்

கண்டியில் பிறப்பையும் விசுவாசத்தையும் பிணைத்துப் பார்க்கும் சட்டமுறை இருபதாம் நூற்றாண்டில் தோன்றியதன்று. 1739 முதல் கண்டியை ஆண்டவர்கள் தென்னிந்தியத் தொடர்புடைய நாயக்க மரபினர். 1815 மார்ச் 2ஆந் தேதி ஆங்கிலேயருக்கும் கண்டிப் பிரதானிகளுக்குமிடையிற் செய்யப்பட்ட உடன்படிக்கை, ‘மலபார்’ இனத்தாரின் ஆட்சியுரிமையை ஒழித்ததோடு, அரசனின் ஆண் உறவினரை அரசின் பகைவராகப் பிரகடனஞ் செய்து, அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் நுழைதலையும் தடைசெய்தது. வெளியேற்றப்பட்ட ‘மலபார்’ ஆடவர் திரும்பி வருதலும் தடுக்கப்பட்டது. தமிழரை ஆங்கிலேயர் அக்காலத்தில் அப்பெயராலேயே குறித்தனர். அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகள் சிலர் தமிழ் எழுத்திற் கையொப்பமிட்டிருந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. அரசவை வாழ்வில் இரு மொழிகளும் கலந்திருந்த ஒரு நகரில், ஒரு மொழியாளரின் பிறப்பே பகைமைக்குச் சான்றாக்கப்பட்டது.

எட்டு ஆண்டுகளின் பின்னர், 1823இல், கம்பளைக்கு அண்மையிலுள்ள சிங்கபிட்டியில் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கப்பட்டது. கண்டிக்குள் தமிழர் வருவதைத் தடுத்த அதே ஆட்சியின் கீழ், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளர் மன்னார் வழியாகக் காடு கடந்து மாத்தளைக்கும் கண்டிக்கும் கொண்டுவரப்பட்டனர். உழைப்பாளராக வரும் தமிழர் வரவேற்கப்பட்டனர். உரிமையாளராக வரும் தமிழர் தடுக்கப்பட்டனர். இந்த வேறுபாட்டைப் பின்வந்த ஆட்சியாளரும் கைவிடவில்லை.

முடிக்குரிய காணிகள் பற்றிய 1840ஆம் ஆண்டுச் சட்டம் கண்டிக் கிராமத்தவரின் பொதுப் பயன்பாட்டிலிருந்த காட்டையும் சேனை நிலத்தையும் அரசுடைமையாக்கித் தோட்ட முதலாளிகளின் கைக்கு மாற்ற வழிசெய்தது. நிலத்தை இழந்த சிங்களக் குடியானவரும், அந்நிலத்தில் லயன்களிற் குடியேற்றப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் ஒரே சுரண்டலின் இரு பக்கங்களாயினர். ஆனால் கிராமத்தவரின் கண்ணுக்குத் தோட்டத் துரையின் வங்கிக் கணக்குத் தெரியவில்லை, லயன் தெரிந்தது. நிலத்தை இழந்த சீற்றம் இனப்பகையாகத் திரிவதற்கு இதுவே அடிப்படையாயிற்று.

இவ்வாறு உருவான கண்டித் தமிழ்ச் சமூகத்தை நால்வகையாகப் பிரித்து நோக்கலாம். முதலாவது, ஹேவாஹெட்ட, தெல்தோட்டை, கலஹா, புசல்லாவ, மடுல்கலை, ரங்கலை முதலிய பகுதிகளின் தோட்டத் தொழிலாளர். இரண்டாவது, திருகோணமலை வீதி, காசல் ஹில் வீதி, கொழும்பு வீதி ஆகியவற்றிற் கடை வைத்திருந்த, பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரான வணிகர். மூன்றாவது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கச்சேரியிலும் புகையிரதப் பகுதியிலும் வைத்தியசாலையிலும் பாடசாலைகளிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய மத்தியதர வர்க்கத்தினர். நான்காவது, மஹியாவையில் வாழ்ந்து நகரைத் துப்புரவு செய்த மாநகரசபைத் தொழிலாளர். இவர்கள் அனைவரும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் ஒன்றாக நின்று கும்பிட்டிருக்கலாம். ஆயினும் அரசோடு அவர்களுக்கிருந்த உறவு ஒன்றாக இருக்கவில்லை. உத்தியோகத்தர் அரசிடம் ஊதியம் பெற்றார். வணிகர் அரசின் அனுமதிப் பத்திரத்தை நம்பியிருந்தார். தோட்டத் தொழிலாளரோ சட்டத்தின் கண்ணில் அந்நாட்டவரே அல்லர்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட கண்டி முஸ்லிம்களின் நிலை தனியாக ஆராயப்படவேண்டியது. 1915இல் முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் கண்டியில் காசல் ஹில் வீதிப் பள்ளிவாசலருகிலேயே தொடங்கிற்று. அக்கலவரத்தின்பின் கைதான சிங்களத் தலைவர்களுக்காகப் பொன்னம்பலம் இராமநாதன் வாதாடியமை முஸ்லிம்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது. மொழியடிப்படையிலான அரசியல் ஒற்றுமை அவர்களை ஈர்க்காமைக்கு இவ்வனுபவமும் ஒரு காரணமாகும்.

3. உரிமையற்றோரிடம் கோரப்பட்ட விசுவாசம்

தோட்டத் தொழிலாளரின் அரசியல் விழிப்பு இனவடிப்படையிலன்றி வர்க்கவடிப்படையிலேயே முதலில் வளர்ந்தது. 1937இல் மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றிற் பணியாற்றிய பிரேஸ்கேடில் என்ற வெள்ளையர் தொழிலாளர் பக்கம் நின்றமைக்காக நாடுகடத்தப்படும் நிலைக்கு ஆளானார். 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அவ்வேலைநிறுத்தத்தில் சமசமாஜிகள் முன்னின்றனர். 1939இல் தோன்றிய இலங்கை இந்தியக் காங்கிரசும் மறு ஆண்டு கம்பளையில் மாநாடு கூட்டித் தொழிற்சங்கப் பணியில் இறங்கிற்று. 1947 தேர்தலில் அது ஏழு தொகுதிகளை வென்றது. வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் தோட்ட வாக்குகள் துணைநின்றன.

ஆளும் வர்க்கத்தின் அச்சம் இங்கேயே தோன்றிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, ஒருவர் இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் போதாது. அவருடைய தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கு பிறந்தமை நிறுவப்படவேண்டும். பிறப்புப் பதிவே அரிதாயிருந்த லயன் வாழ்வில் இது இயலாத நிபந்தனை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழ 134,000 பேரே பிரஜைகளாக ஏற்கப்பட்டனர். அதே ஆண்டில் நிறைவேறிய தேர்தற் சட்டத் திருத்தம் பிரஜையல்லாதோரின் வாக்கையும் பறித்தது.

இச்சட்டங்களைப் பொறுத்தவரை வடக்கின் தமிழ்த் தலைமை நடந்துகொண்ட முறையை நாம் மறைத்தல் தகாது. 1948 செப்டெம்பரில் அமைச்சரவையிற் சேர்ந்த ஜீ.ஜீ. பொன்னம்பலம், அவ்வாண்டு டிசெம்பரில் இந்திய பாகிஸ்தானியர் சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் அதனை எதிர்த்துப் பிரிந்து, 1949 டிசெம்பரிற் தமிழரசுக் கட்சியை நிறுவினார். மலையகத் தமிழரின் உரிமைப் பறிப்பே அக்கட்சியின் பிறப்புக்கு உடனடிக் காரணமாயிருந்தும், 1957 ஜூலையில் கைச்சாத்தான பண்டாரநாயக்கா–செல்வநாயகம் உடன்படிக்கையில் அவ்விடயம் விரைவிற் கவனிக்கப்படும் என்ற வாக்குறுதிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அந்த உடன்படிக்கையையும் எதிர்த்து ஜே.ஆர். ஜயவர்த்தனா அவ்வாண்டு ஒக்டோபரில் நடத்திய யாத்திரை கொழும்பிலிருந்து கண்டி தலதா மாளிகையை நோக்கியதாகவே அமைந்தது. யாத்திரை இம்புல்கொடையில் தடுக்கப்பட்டபோதிலும், கண்டி எந்த அரசியலின் அடையாளமாக ஆக்கப்படுகின்றது என்பது தெளிவாயிற்று.

1964 ஒக்டோபர் 30ஆந் தேதி செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மக்களைப் பங்கீடு செய்தது. இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பகிரப்பட்டனர். யாருடைய வாழ்வு பகிரப்பட்டதோ அவர்களின் கருத்து கேட்கப்படவில்லை. இந்தியப் பிரஜாவுரிமை கோரியோர் கண்டியிலிருந்த இந்திய உதவி உயர் ஸ்தானிகர் அலுவலகத்தை நாடினர். ஒரே குடும்பத்தில் மூத்தவர் இந்தியப் பிரஜை, இளையவர் இலங்கைப் பிரஜை, தாய் எந்த நாட்டவரும் அல்லர் என்ற நிலை தோன்றிற்று. ஒரு வீட்டினுள்ளேயே மூன்று அரசியல் உறவுகள் திணிக்கப்பட்ட பின்னர், அவ்வீட்டாரை நோக்கி இரட்டை விசுவாசம் என்று குற்றஞ் சாட்டுவது எத்துணை முரணானது! இலங்கையில் ‘கள்ளத்தோணி’ எனச் சிங்களவராலும் ‘தோட்டக்காட்டான்’ எனத் தமிழராலும் இகழப்பட்ட அவர்கள், நீலகிரியிற் சென்று குடியேறியபோது ‘சிலோன்காரர்’ ஆயினர்.

இடதுசாரிகளும் இக்காலத்தில் தம் முன்னைய நிலைப்பாட்டிலிருந்து விலகினர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த சமசமாஜக் கட்சி, 1964இல் ஒப்பந்தத்தைச் செய்த அரசாங்கத்திலேயே பங்காளியாயிருந்தது. 1971 ஏப்ரிலிற் கிளர்ந்தெழுந்த மக்கள் விடுதலை முன்னணியின் அரசியல் வகுப்புக்களில் ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’ ஒரு பாடமாயிருந்தது. தோட்டத் தொழிலாளர் அவ்விஸ்தரிப்புவாதத்தின் கருவிகளாக அதிற் சித்திரிக்கப்பட்டனர். நாட்டின் மிகப் பெரிய பாட்டாளி வர்க்கத்தை அந்நியச் சதியின் அங்கமாகக் கண்ட புரட்சிக் கோட்பாடு, வர்க்க அரசியலின் தோல்விக்குச் சான்றாகும். 1972இன் காணிச் சீர்திருத்தத்தைத் தொடர்ந்து கண்டிப் பகுதித் தோட்டங்கள் பலவற்றிலிருந்து தமிழ்த் தொழிலாளர் வெளியேற்றப்பட்டனர். அதனையடுத்து வந்த உணவுப் பஞ்சக் காலத்தில் அவர்களிற் பலர் நகரத் தெருக்களில் பிச்சையெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டனர். சோசலிசத்தின் பெயரால் நிகழ்ந்த மாற்றமொன்று அவர்களுக்கு வேலையிழப்பாகவே வந்து சேர்ந்தது.

4. வட்டுக்கோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே

1972இல் உருவான தமிழர் கூட்டணியில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசும் சேர்ந்தது. செல்வநாயகம், பொன்னம்பலம், தொண்டமான் ஆகிய மூவரும் கூட்டுத் தலைவர்களாக விளங்கினர். ஆனால் 1976 மே 14ஆந் தேதிய வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனிநாட்டைக் குறிக்கோளாக அறிவித்தபோது, தொழிலாளர் காங்கிரசின் ஒவ்வாமை அத்தீர்மானத்திலேயே பதிவுசெய்யப்பட்டது. தோட்டத் தொழிலாளரில் பெரும்பாலோர் வடக்குக் கிழக்குக்கு வெளியே வாழ்கின்றனர் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணமாகும். இலங்கையின் எப்பகுதியில் வாழும் தமிழ் பேசும் மக்களுக்கும் ஈழத்திற் பிரஜாவுரிமை உண்டு எனத் தீர்மானம் உறுதியளித்தது. தெல்தோட்டைத் தொழிலாளிக்கு அதன் நடைமுறைப் பொருள், நான்கு தலைமுறையாக வாழ்ந்த மண்ணை விட்டு மீண்டும் இடம்பெயர்தல் என்பதாகும்.

1977 தேர்தலிற் தொண்டமான் நுவரெலியா–மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து பாராளுமன்றஞ் சென்றார். 1978 செப்டெம்பரில் ஜயவர்த்தனா அரசாங்கத்தில் அமைச்சரானார். இதனிடையே 1977 ஓகஸ்ட் வன்செயல்கள் மலையகத்தையும் தாக்கின. தனிநாடு கேட்காத மக்கள், தனிநாடு கேட்டவர்களின் மொழியைப் பேசியமைக்காகத் தாக்கப்பட்டனர். அகதிகளான பலர் வவுனியாவை நோக்கிச் சென்றனர். காந்தீய இயக்கம் அவர்களுக்குக் குடியிருப்புக்களை அமைத்துக் கொடுத்தது. அவ்வியக்கத்தின் தலைவர்கள் 1983 ஏப்ரிலிற் கைதாயினர். இவ்வாறு மலையக மக்களிடையே இரு திசைகள் தோன்றின. ஒரு பகுதியினர் வடக்கு நோக்கிச் சென்று அதன் போராட்டத்தோடு இணைந்தனர். பெரும் பகுதியினர் தோட்டத்திலேயே தங்கி, அமைச்சரவையில் இருந்த தமது தொழிற்சங்கத் தலைவரைப் பாதுகாப்பாகக் கொண்டனர்.

இவ்விரண்டாம் வழியைச் சந்தர்ப்பவாதம் என ஒதுக்குவது எளிது. தொழிற்சங்கத் தலைமையில் அச்சந்தர்ப்பவாதம் இருந்தது என்பதையும், சந்தாவையும் வாக்கையும் அது தனியொருவரின் பேரம்பேசும் மூலதனமாக்கியது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் தலைமையின் சந்தர்ப்பவாதம் ஒன்று, மக்களின் தெரிவு மற்றொன்று. வாக்கும் நிலமும் அற்ற மக்களிடம் எஞ்சியிருந்த ஒரே ஆயுதம், தேயிலைக் கொழுந்தைப் பறிக்க மறுக்கும் கூட்டுவலிமையாகும். அதனைப் பேணிய அமைப்பை விட்டுப் பிரிய அவர்கள் தயங்கியமை இயல்பே.

5. 1983: சத்தியப்பிரமாணமும் தீயும்

1983 மே மாதத்தில் பேராதனை வளாகத்தில் தமிழ் மாணவர்கள் தாக்கப்பட்டு விடுதிகளிலிருந்து வெளியேற நேர்ந்தது. தாக்கியோர் கல்வியறிவற்ற கும்பலல்லர். ஒரே விரிவுரை மண்டபத்தில் உடனிருந்த மாணவர்கள் அவர்களிடையே இருந்தனர். பல்கலைக்கழகம் என்பது சமூகத்தின் முரண்பாடுகளுக்கு மேலே மிதக்கும் தீவன்று என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

ஜூலை 26ஆந் தேதி பிற்பகலில் கண்டி நகரத் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டன. காசல் ஹில் வீதி, கொழும்பு வீதி, திருகோணமலை வீதி, கிங்ஸ் வீதி ஆகியவற்றில் தீ பரவிற்று. வன்செயல் கம்பளைக்கும் சென்றது. அன்று மாலை கண்டி மாவட்டத்தில் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. எரிந்த கடைகளின் உரிமையாளர் பலர் எந்தத் தமிழ்க் கட்சிக்கும் நெருக்கமானவரல்லர். சிங்களக் கிராமத்தவரே அவர்களின் வாடிக்கையாளர். அமைதியும் சந்தையுமே அவர்களின் தேவை. அரசியலில் ஒதுங்கியிருத்தலே பாதுகாப்பு என்று நம்பிய வர்க்கத்துக்கு அன்று அந்நம்பிக்கை பொய்த்தது. அதே நாள்களில் தமிழ்க் குடும்பங்களைத் தம் வீடுகளில் ஒளித்துவைத்துக் காத்த சிங்கள அயலவரும் இந்நகரில் இருந்தனர். அவர்களின் செயலுக்குக் கட்சியும் கொடியும் இல்லை. ஆயினும் அதுவும் ஓர் அரசியற் சார்பேயாகும்.

தீ அணைந்து சில நாள்களில், 1983 ஓகஸ்டில், அரசியலமைப்பின் ஆறாவது திருத்தம் நிறைவேறிற்று. தனிநாட்டை ஆதரிப்பதில்லை எனப் பாராளுமன்ற உறுப்பினரும் அரச உத்தியோகத்தரும் வழக்கறிஞரும் சத்தியப்பிரமாணஞ் செய்யவேண்டும் என்பது அதன் விதி. சத்தியஞ் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் பாராளுமன்ற ஆசனங்களை இழந்தனர். கண்டியில் வாழ்ந்த யாழ்ப்பாணத்து உத்தியோகத்தருக்கோ இது வேறொரு இக்கட்டாயிற்று. வீட்டைக் காக்கத் தவறிய அரசுக்கு விசுவாசம் கூறி ஒப்பமிட்டாலன்றி வேலை இல்லை. ஒப்பமிட்டால் ஊரிலுள்ள இளைஞரின் பார்வையில் அவர் மானமிழந்தவர். பெரும்பாலோர் ஒப்பமிட்டனர். பலர் வடக்குக்கு மாற்றம் கோரினர். ஒப்பமிட்ட கை ஒருபுறமும் மனம் ஒருபுறமுமாக வாழ்ந்த அந்த ஆண்டுகளை, கட்டாயத்தாற் பெறப்படும் விசுவாசம் எத்தகையது என்பதற்கான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

தோட்டத் தொழிலாளரில் பிரஜாவுரிமையற்ற இலட்சக்கணக்கானோரிடம் அந்தச் சத்தியத்தைக் கேட்கவும் அரசு முன்வரவில்லை. சத்தியஞ் செய்வதற்கும் ஒரு நாட்டின் உறுப்பினராக இருத்தல் வேண்டுமன்றோ?

6. போரின் நிழலிற் பெற்ற உரிமைகள்

போர்க்காலத்தில் மலையகத் தமிழர் பெற்ற இரு வெற்றிகள் ஆராயத்தக்கவை. 1984 ஏப்ரிலில், ஜூலைப் படுகொலைகள் நடந்து ஓராண்டு நிறைவதற்கு முன்னரே, தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, ஆண் பெண் இருபாலாருக்கும் சம ஊதியத்தை வென்றனர். அரசாங்கத்தில் அமைச்சராக இருந்த ஒருவரின் தொழிற்சங்கமே அவ்வரசாங்கத்துக்கெதிரான போராட்டத்தில் முன்னின்றமை வெளிப்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். தொழிலாளரைப் பொறுத்தவரை அதில் முரண்பாடில்லை. அமைச்சர் பதவியும் வேலைநிறுத்தமும் ஒரே பேரத்தின் இரு கருவிகளாகவே அவர்களுக்குப் புலப்பட்டன.

1986 ஜனவரியிற் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனை இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. தொழிலாளர் காலையிற் கோவில்களிற் கூடிப் பிரார்த்தித்த பின்னரே வேலைக்குச் செல்வர் என்பது அதன் திட்டம். வேலைநிறுத்தம் என்ற பெயரின்றியே கொழுந்துப் பறிப்பைப் பாதிக்கும் உத்தி இது. அரசு இணங்கிற்று. ஒப்பந்தங்களின் பின் எஞ்சியிருந்த 94,000 நாடற்றோருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்குவதற்கான சட்டம் அவ்வாண்டே நிறைவேறிற்று. 1988 இறுதியில், சனாதிபதித் தேர்தல் நெருங்கிய வேளையில், நடைமுறையை மேலும் எளிதாக்கும் சட்டமொன்று வந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன் நாடற்ற நிலை சட்டப்படி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

1948இல் மறுக்கப்பட்டது 1986இல் ஏன் வழங்கப்பட்டது? தொழிற்சங்கத்தின் வலிமை ஒரு காரணம். இந்தியாவின் அழுத்தம் மற்றொன்று. வடக்கின் ஆயுதப் போராட்டம் மலையகத்துக்கும் பரவக்கூடும் என்ற அச்சம் மூன்றாவது. ஈழப் புரட்சி அமைப்பு மலையகத்தையும் தன் ஈழக் கோட்பாட்டினுள் அடக்கியிருந்தது. 1985 திம்புப் பேச்சுவார்த்தையிற் தமிழ் இயக்கங்கள் முன்வைத்த நான்கு கோட்பாடுகளுள் இறுதியானது, இத்தீவைத் தம் நாடாகக் கொள்ளும் அனைத்துத் தமிழருக்கும் முழுப் பிரஜாவுரிமை என்பதாகும். வடக்கின் போராட்டம் மலையகத் தமிழரை ஆபத்துக்குள்ளாக்கியது. அதே போராட்டம் அவர்களின் பேரம்பேசும் ஆற்றலையும் உயர்த்திற்று. எனவே, ‘வடக்கால் மலையகத்துக்குக் கேடு மட்டுமே விளைந்தது’ என்ற கூற்றும், ‘வடக்கே மலையகத்தை விடுவித்தது’ என்ற கூற்றும் வரலாற்றின் பாதியையே கூறுகின்றன.

7. தென்னிலங்கைக் கிளர்ச்சியும் மூன்றாவது நெருக்குதலும்

1987 ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானதும் போரின் இரண்டாவது முகம் கண்டியிலேயே வெளிப்பட்டது. மக்கள் விடுதலை முன்னணி, ஒப்பந்தத்தையும் அதன்வழி வந்த மாகாணசபைகளையும் எதிர்த்து ஆயுதமேந்திற்று. இந்தியப் பொருள்களைப் பகிஷ்கரிக்குமாறு அது விடுத்த கட்டளை, இந்திய வம்சாவளி வணிகர் நிறைந்த கண்டிக் கடைவீதிக்குத் தனியானதோர் அச்சுறுத்தலாயிற்று. கட்டளைப்படி கடையை மூடினால் இராணுவத்தின் சீற்றம். திறந்தால் கிளர்ச்சியாளரின் துப்பாக்கி.

ஆனால் இம்முறை கொல்லப்பட்டோர் பெரும்பாலும் சிங்கள இளைஞர். 1989 ஒக்டோபரிற் பேராதனை வளாகத்துக் குளத்தைச் சுற்றி வெட்டப்பட்ட மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் தமிழ் மாணவர் அடித்துத் துரத்தப்பட்ட அதே வளாகத்தில், நாட்டுப்பற்றின் பெயரால் ஆயுதமேந்திய சிங்கள இளைஞரை நாட்டின் பெயரால் அரசு சார்ந்த கொலைக்குழுக்கள் அழித்தன. விசுவாசத்தை அளக்கும் அதிகாரம் பெற்ற அரசு, அவ்வளவுகோலை ஒரு மொழியாளருக்கு மட்டும் பயன்படுத்தி நிறுத்துவதில்லை. இந்தப் பாடத்தைச் சிங்கள, தமிழ் முற்போக்காளர் உரிய வேளையில் ஒன்றாகக் கற்றிருப்பின், பின்வந்த இருபது ஆண்டுகளின் வரலாறு வேறாக அமைந்திருத்தல் கூடும். 1972இற் கண்டியில் பாதிரியார் போல் காஸ்பர்ஸ் நிறுவிய சத்தியோதயம் போன்ற அமைப்புக்கள் தோட்டத்தையும் கிராமத்தையும் ஒரே பார்வையில் இணைக்க முயன்றன. அம்முயற்சிகள் நேர்மையானவை, பெருங்கட்சிகளின் துணை அவற்றுக்குக் கிட்டவில்லை.

1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை வாயிலில் விடுதலைப் புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதல் பொதுமக்களின் உயிரைக் குடித்தது. சுதந்திரப் பொன்விழா கண்டியிலிருந்து கொழும்புக்கு மாற்றப்பட்டது. அத்தாக்குதலைத் திட்டமிட்டோர், அதன் எதிரொலியைத் தாங்கவேண்டிய கண்டித் தமிழரிடம் எதுவுங் கேட்டவரல்லர். அவர்களை நாடற்றோராக்கியபோது அரசும் கேட்கவில்லை. அவர்களைப் பங்கிட்டபோது இரு பிரதமரும் கேட்கவில்லை. அவர்களின் பெயராற் போராடியதாகக் கூறியோரும் அவ்வழியையே பின்பற்றினர்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளுக்கு வரலாம். கண்டித் தமிழர் ஒரே அரசியல் அலகாக என்றும் இயங்கவில்லை. உத்தியோகத்தரின் நோக்கு வடக்கையும், வணிகரின் நோக்கு சந்தையையும், தொழிலாளரின் நோக்கு தோட்டத்தையும் மையமாகக் கொண்டன. அவர்களை ஒன்றாக்கியது வெளியிலிருந்து வந்த தாக்குதலே. ஆனால் தாக்குதலாற் பிறக்கும் ஒற்றுமை அச்சத்தின் ஒற்றுமை. அது நிலையான அரசியலுக்கு அடித்தளமாகாது. தமிழ்த் தேசியம் மலையக மக்களைத் தன் எண்ணிக்கையிற் சேர்த்ததேயன்றி, நிலமும் ஊதியமும் பற்றிய அவர்களின் பிரச்சினைகளைத் தன் நிகழ்ச்சிநிரலின் முதலிடத்தில் வைக்கவில்லை. வடக்கின் மத்தியதர வர்க்கப் பார்வையில் வளர்ந்த எமது ஆய்வுலகும் இக்குறையிலிருந்து விடுபட்டதன்று.

போர் முடிந்த பின்னரும் வினா முடியவில்லை. 2018 மார்ச்சில் கண்டிக்கு அண்மையிலுள்ள திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. 1915இற் கேட்கப்பட்ட வினாவே நூறாண்டு கழிந்து மீண்டும் கேட்கப்பட்டது. 2023இல், தம் முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து மலையக மக்கள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தனர். அந்நடைபயணத்திற் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் உடன்சென்றமை நம்பிக்கை தருவது. ஆயினும் வாக்குரிமை கிடைத்த பின்னரும் தோட்டங்களில் வாழ்வோரிற் பெரும்பாலார் தாம் குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி அற்றவராகவே உள்ளனர்.

ஆகவே, விசுவாசம் பற்றிய வினாவை நாம் திருப்பிக் கேட்டல் வேண்டும். கண்டித் தமிழர் யாருக்கு விசுவாசமாயிருந்தனர் என்பதை இதுவரை பலர் ஆராய்ந்துள்ளனர். அவர்களுக்கு விசுவாசமாயிருந்தோர் யாவர் என்பதே இனி ஆராயப்படவேண்டியது. அவ்வாய்வு அரசுகளின் ஆவணங்களோடு முடிந்துவிடாது, தமிழ்க் கட்சிகளையும் இடதுசாரி இயக்கங்களையும் தொழிற்சங்கங்களையும் பல்கலைக்கழகங்களையும் ஒருங்கே விசாரணைக்கு உட்படுத்துவதாக அமைதல் வேண்டும்.